எங்கே முடிகிறது தொடர்? ஆங்கிலத்தின் நெடிய இணைத்தொடர்களும் நிறுத்தக்குறிகளும்

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரச் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் ஒரு கடிதம் எழுதினார். போராட்டத்துக்கு இது காலமல்ல, பொறுத்திருங்கள் என்ற கருத்தில் எட்டு வெள்ளையர் மதகுருமார் வெளியிட்ட அறிக்கைக்கு அது மறுமொழி. கிங் அதைச் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கினார். இனியும் ஏன் பொறுக்க முடியாது என்று சொல்லும் இடத்தில் முந்நூறு சொற்களைத் தாண்டி ஓடும் ஒற்றை வாக்கியம் ஒன்று வருகிறது. கும்பல் கொலைகள், காவலரின் உதை, செல்வச் செழிப்பின் நடுவே மூச்சுமுட்டும் வறுமை, கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போகக்கூடாது என்று மகளுக்குச் சொல்ல முடியாத தகப்பனின் திணறல், எந்த விடுதியும் இடம் தராததால் காருக்குள்ளேயே கழியும் இரவுகள் என ஒவ்வோர் அவமானத்துக்கும் ஒரு தொடர். அநேகமாக எல்லாத் தொடர்களும் 'வென் யூ' என்ற இரண்டே சொற்களில் தொடங்குகின்றன. எல்லாம் முடிந்த பிறகுதான் முதன்மை வாக்கியம் வருகிறது: அப்போது உங்களுக்குப் புரியும், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்று.

ஆங்கிலத்தில் நெடிய இணைத்தொடர்களை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு 'வென்' தொடரும் அரைப்புள்ளியில் முடிகிறது. தொடருக்குள் வரும் சிறு பிரிவுகளுக்குக் காற்புள்ளி. ஒரு தொடரில் கறுப்பினத்தவரின் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் மூன்றும் எப்படி மூன்று வசைகளாக மாறுகின்றன என்று அடுக்கப்படுகிறது. அந்த அடுக்கு காற்புள்ளிகளோடு தன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது, வெளியே உள்ள பெரிய அடுக்கோடு கலப்பதில்லை. கடைசித் தொடர் முடிந்ததும் அரைப்புள்ளி இல்லை, நீள்கோடு வருகிறது. சமமானவற்றைச் சமமானவற்றிலிருந்து பிரிக்க ஒரு குறி, அவை அனைத்தையும் சேர்த்து முதன்மை வாக்கியத்தோடு கட்ட வேறொரு குறி. இடையில் முற்றுப்புள்ளி வைத்திருந்தால் ஒவ்வொரு தொடரும் முடிவில்லாத துண்டாகத் தொங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் காற்புள்ளி வைத்திருந்தால் எது பெரிய பிரிவு, எது சிறிய பிரிவு என்று தெரியாமல் படிப்பவர் பாதியிலேயே வழி தவறியிருப்பார்.

வினை கடைசியில் வரும் மொழியில் பிறந்த நமக்கு இப்படிக் காத்திருந்து படிப்பது புதிதல்ல. ஓலைச்சுவடிக் காலத்து உரையாசிரியர்கள் நிறுத்தக்குறி என்ற ஒன்றே இல்லாமல் பத்திப் பத்தியாக நீளும் வாக்கியங்களை எழுதினார்கள், படித்தவர்களும் தடுமாறவில்லை. காரணம் தமிழின் அமைப்பில் இருக்கிறது. 'மதகு வெடித்ததையும் கரை கசிந்ததையும் கால்வாய் தூர்ந்ததையும் குழு கண்டது' என்று எழுதினால் ஒவ்வோர் உறுப்பும் எங்கே முடிகிறது என்பதை 'உம்' சொல்லிவிடுகிறது. இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினால் 'தட்' என்ற சொல் ஒவ்வோர் உறுப்பின் தலையிலும் வரும். உறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அது காட்டும். எங்கே முடிகிறது என்பதைக் காட்டாது. முடிவைக் காட்டும் பொறுப்பு முழுக்க நிறுத்தக்குறியின் மேல் விழுகிறது. ஆங்கிலத்தில் அடுக்குகளைப் பற்றி எழுந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை உறுப்பின் கடைசிப் பகுதியைப் பற்றியவை; கடைசியில் வரும் ஒரு நிபந்தனை பின்னோக்கி எதுவரை செல்லும் என்பதே அங்கெல்லாம் கேள்வி. தமிழில் குழப்பம் மறுமுனையில் வரும். 'பழைய மதகையும் கரையையும்' என்றால் கரையும் பழையதா என்ற ஐயம் தலைப்பக்கத்தில்தான் எழுகிறது.

ஆகவே ஆங்கிலத்தில் நெடிய அடுக்கை எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வோர் உறுப்பின் முடிவும் ஐயமில்லாமல் தெரிகிறதா என்பதை. ஓர் ஏரியைப் பார்வையிட்ட குழுவின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். மதகு வெடித்திருக்கிறது, கரை கசிகிறது, கால்வாய் தூர்ந்திருக்கிறது என்று மூன்று சிறு செய்திகள் மட்டும் என்றால் காற்புள்ளி போதும். அதே அறிக்கை, பிரிட்டிஷார் காலத்தில் கட்டி, பிறகு இருமுறை பூசிய மதகு வெடித்திருப்பதாகவும், கருவேல மரங்கள் வேரோடிய கரை, குறிப்பாக வடக்குப் பக்கம், கசிவதாகவும் விரிந்தால் ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் காற்புள்ளி புகுந்துவிடுகிறது. இப்போது உறுப்புகளுக்கு நடுவிலும் காற்புள்ளியே வைத்தால் இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே குறி. வெளிப் பிரிவை ஒரு படி உயர்த்தி அரைப்புள்ளி ஆக்குவதுதான் வழி. வயலில் பாத்திக்குப் பாத்தி போடும் சிறுவரப்பும் நிலத்துக்கு நிலம் போடும் பெருவரப்பும் ஒரே உயரத்தில் இருந்தால் யாருடைய நிலம் எதுவரை என்று தெரியாது அல்லவா?

இந்தத் தெளிவு ஒரே நாளில் வரவில்லை. கி.மு. 200 அளவில் அலெக்சாந்திரிய நூலகத்தில் பணியாற்றிய பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், வரியின் அடியிலும் நடுவிலும் மேலும் புள்ளி வைத்து மூன்று அளவு நிறுத்தங்களைக் காட்டினார். அவை வாய்விட்டுப் படிப்பவருக்கான குறிகள். அரைப்புள்ளி அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. 1490களில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட பியெத்ரோ பெம்போவின் எட்னா மலை பற்றிய நூலில் அது முதன்முதலாக அச்சேறியது. ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் வெகுகாலம் அதை மூச்சின் அளவாகவே கருதினார்கள். 1762இல் ராபர்ட் லௌத் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் முற்றுப்புள்ளி முக்காற்புள்ளியின் இரு மடங்கு, முக்காற்புள்ளி அரைப்புள்ளியின் இரு மடங்கு, அரைப்புள்ளி காற்புள்ளியின் இரு மடங்கு என்று இசைக்குறிகளைப் போல விகிதம் வகுக்கப்பட்டிருக்கிறது. 1795இல் வெளிவந்து தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் புழங்கிய லிண்ட்லி மர்ரியின் இலக்கணமும் இந்த வழியில்தான் நடந்தது.

மூச்சுக் கணக்கு தவறு என்று சொல்ல மாட்டேன். சாமுவேல் ஜான்சனும் எட்வர்ட் கிப்பனும் இரட்டை இரட்டையாக, மூன்று மூன்றாக நிறுத்தி எடைபோட்டு எழுதிய வாக்கியங்களை வாய்விட்டுப் படித்தால் நிறுத்தங்கள் சரியான இடத்தில் விழுகின்றன. ஆனால் மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். கண்ணால் மட்டும் படிக்கிறவருக்கு எத்தனை மாத்திரை நிற்க வேண்டும் என்பது தேவையில்லை. எது எதோடு சேரும் என்பதுதான் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில நிறுத்தக்குறி மூச்சை விட்டு இலக்கணத்தின் பக்கம் நகர்ந்ததற்கு இதுவே காரணம். இன்று அரைப்புள்ளியைப் 'பெரிய காற்புள்ளி' என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அந்தப் பழைய கணக்கின் மிச்சத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

குறி ஒன்று மாறினால் ஒரு நாட்டின் அடிப்படை ஆவணமே வேறு பொருள் தரக்கூடும். 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில், தாமே விளங்கும் உண்மைகள் என்று சொல்லி 'தட்' தொடர்கள் அடுக்கப்படுகின்றன. எல்லா மனிதரும் சமம், அவர்களுக்குப் பறிக்கவொண்ணா உரிமைகள் உண்டு, அவற்றுள் உயிரும் சுதந்திரமும் மகிழ்ச்சியைத் தேடுவதும் அடங்கும். இவை முதல் மூன்று. இந்த உரிமைகளைக் காக்கவே அரசுகள் அமைக்கப்படுகின்றன என்பதும், அரசு அந்த நோக்கத்தை அழிக்கும்போது அதை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்பதும் அடுத்த இரண்டு. பரவலாக அச்சிடப்படும் பாடத்தில் மூன்றாவதற்குப் பிறகு முற்றுப்புள்ளி இருக்கிறது. அறிஞர் டேனியெல் ஆலன் 2014இல் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். அந்த முற்றுப்புள்ளி மூல ஆவணத்துக்கு உரியதல்ல, ஐந்தும் ஒரே அடுக்கின் சம உறுப்புகள் என்பது அவருடைய வாதம். முற்றுப்புள்ளியோடு படித்தால் தனிமனித உரிமையில் நின்றுவிடுகிறோம். அது இல்லாமல் படித்தால் மக்கள் கூடி அரசை அமைப்பதும் மாற்றுவதும் அந்த உரிமைகளுக்கு நிகரான உண்மைகளாக எழுந்து நிற்கின்றன. தொல்தாளில் எழுதிய மூலப்படி மங்கிப்போனதால் அங்கே உண்மையில் என்ன குறி இருந்தது என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இணையான தொடக்கச்சொல்லைக் கொண்ட தொடர்களை ஒரே அடுக்காகப் படிப்பதுதான் இயல்பு என்ற அளவில் ஆலனின் வாசிப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது.

நெடிய அடுக்கை அரைப்புள்ளியால் பிரிப்பதற்கு நேர்மாறான வழியில் போனவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1859இல் வந்த 'இரு நகரங்களின் கதை' நாவலின் தொடக்க வாக்கியம் தனித்து நிற்கக்கூடிய பல தொடர்களை வெறும் காற்புள்ளியால் மட்டும் கோத்துச் செல்கிறது. பள்ளி இலக்கணம் இதைப் பிழை என்று வட்டமிடும். ஆயினும் படிப்பவர் எங்கும் தடுக்கி விழுவதில்லை. தொடர்கள் குட்டையானவை, பெரும்பாலானவை ஒரே சொற்களில் தொடங்குகின்றன, உள்ளே வேறு காற்புள்ளி இல்லை. திரும்பத் திரும்ப வரும் தலைச்சொல்லே குறியின் வேலையைச் செய்துவிடுகிறது. வாக்கியத்தின் பிற்பகுதியில் தொகுத்துச் சொல்ல வரும்போது டிக்கன்ஸும் நீள்கோட்டுக்குத்தான் போனார்.

டிக்கன்ஸ் காதால் செய்ததைக் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில் விதியாகவே எழுதினார். தனித்தொடர்களைக் காற்புள்ளியால் இணைக்காதே, அரைப்புள்ளி இடு என்று கண்டிப்பாகச் சொன்னவர், தொடர்கள் மிகக் குட்டையாகவும் வடிவில் ஒத்தும் இருந்தால் காற்புள்ளியை ஏற்கலாம் என்றும் விலக்குத் தந்தார். அதே கையேட்டில் இன்னொரு விதி இருக்கிறது: நிகரான கருத்துகளை நிகரான வடிவில் சொல். இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுக்கில் முதல் இரண்டு உறுப்புகள் 'டு' என்று தொடங்கி, மூன்றாவது 'இங்' விகுதி வினையாக மாறினால், எத்தனை அரைப்புள்ளி போட்டாலும் அடுக்கு சாய்ந்துதான் நிற்கும். பெரும்பாலான கையெழுத்துப் படிகளில் நிறுத்தக்குறிப் பிழை என்று நாம் நினைப்பது உண்மையில் வடிவப் பிழை.

நடைக் கையேடுகள் பெரிய விஷயங்களில் ஒத்துப்போகின்றன, சிறியவற்றில் வேறுபடுகின்றன. 1906இலிருந்து வந்துகொண்டிருக்கும் சிகாகோ கையேடு கடைசி 'அண்ட்' சொல்லுக்கு முன் காற்புள்ளியை வற்புறுத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகத்தின் மரபும் அதுவே. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு எளிய பட்டியலில் அதை விட்டுவிடச் சொல்கிறது. உறுப்புகள் நீண்ட தொடர்களாக இருந்தால் வைக்கச் சொல்கிறது. உறுப்புகளுக்குள் காற்புள்ளி இருந்தால் வெளியே அரைப்புள்ளி என்பதில் இவற்றுக்குள் சண்டையே இல்லை. செய்திக் கையேடு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: அரைப்புள்ளியில் தொடங்கிய அடுக்கில் கடைசி 'அண்ட்' முன்னும் அரைப்புள்ளியே வர வேண்டும். நம் ஊரில் ஆங்கிலம் எழுதும் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். மூன்று உறுப்புகள்வரை அரைப்புள்ளி போட்டுவிட்டு, 'அண்ட்' வந்ததும் காற்புள்ளிக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்போது கடைசி இரண்டு உறுப்புகள் ஒரே உறுப்பாக ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நீதிமன்றங்களில் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியச் சட்டம் சில வேலைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. உணவுப் பொருள்களை டப்பாவில் அடைத்தல், பதப்படுத்தல், உறையவைத்தல், உலர்த்துதல், சேமித்தல் என்று அடுக்கி, கடைசியாக அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொதி கட்டுதல் என்றும் படிக்கலாம், அனுப்புவதற்குப் பொதி கட்டுதல், விநியோகம் என்றும் படிக்கலாம் என்ற நிலையில் வாசகம் முடிந்தது. 'ஆர்' சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் விநியோகம் செய்பவர்கள். பொதி கட்டுபவர்கள் அல்லர். தங்களுக்கு விலக்கு பொருந்தாது, கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. மறு ஆண்டில் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

இந்த வழக்கை 'ஒரு காற்புள்ளியின் விலை' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தீர்ப்பைப் படித்தால் அதைவிட நுட்பமான ஒன்று தெரியும். ஓட்டுநர்களின் வாதத்தில் பாதி, அடுக்கின் வடிவத்தைப் பற்றியது. விலக்குப் பெற்ற வேலைகள் எல்லாம் 'இங்' விகுதியில் முடிகின்றன. 'டிஸ்ட்ரிபியூஷன்' அப்படி முடியவில்லை. அதற்கு முன்னால் உள்ள 'ஷிப்மென்ட்' சொல்லைப் போல அது வெறும் பெயர். ஆகவே அது அந்தச் சொல்லுக்குத்தான் இணை, மற்ற வேலைகளுக்கு இணை அல்ல என்றார்கள். மறுதரப்பு, மெய்ன் மாநிலச் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் காற்புள்ளி வேண்டாம் என்று சொல்வதைக் காட்டியது. நீதிமன்றம் வாசகம் ஐயத்துக்கு இடமளிக்கிறது என்று முடிவு செய்து, ஐயம் வந்தால் தொழிலாளர் பக்கம் என்ற கொள்கைப்படி தீர்த்தது. பிறகு சட்டமன்றம் அந்த வாசகத்தைத் திருத்தியது. எப்படித் திருத்தியது என்பதுதான் நமக்கு முக்கியம். உறுப்புகளுக்கு நடுவே காற்புள்ளிகளை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளை வைத்தார்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' சொல்லையும் 'இங்' வடிவத்துக்கு மாற்றினார்கள். குறியும் வடிவும் சேர்ந்தே சரியாக வேண்டும் என்பதை ஒரு சட்டமன்றமே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது.

இந்திய உச்ச நீதிமன்றத்திலும் இதே கேள்வி வந்திருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, விற்பதற்காகத் தயாரித்தல், விற்றல், இருப்பு வைத்தல், விற்பனைக்குக் காட்சிக்கு வைத்தல், விநியோகித்தல் ஆகியவற்றைத் தண்டிக்கிறது. 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் காற்புள்ளி இல்லை. 1979இல் முகமது ஷப்பீர் வழக்கில் அந்த இன்மையை நீதிமன்றம் கவனித்தது. விற்பனைக்காக என்ற நிபந்தனை இருப்பு வைத்தலையும் தழுவுகிறது. மருந்தை வெறுமனே வைத்திருப்பது இந்தப் பிரிவின் கீழ்க் குற்றமாகாது என்று தீர்ப்பானது. 1988இல் சல்பேகர் வழக்கில் நிலைமை தலைகீழ். மத்திய மாகாண, பேரார் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, வாடகைதாரர் வேறு வீடு பெற்றிருந்தாலோ, நான்கு மாதம் தொடர்ந்து ஊரைவிட்டுப் போயிருந்து அந்த வீடு அவருக்கு நியாயமாகத் தேவைப்படாவிட்டாலோ வெளியேற்றலாம். தேவைப்படாமை என்ற நிபந்தனை முதல் காரணத்துக்கும் பொருந்துமா? முதல் காரணத்துக்குப் பின் காற்புள்ளி இருந்தது. பொருந்தாது என்றது நீதிமன்றம். ஒரு வழக்கில் காற்புள்ளி இல்லாததால் நிபந்தனை பின்னோக்கிச் சென்றது. மற்றதில் காற்புள்ளி இருந்ததால் நின்றுவிட்டது.

அரைப்புள்ளி இன்னும் உறுதியாக நிறுத்தும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரவுநேர மதுவிற்பனைத் தடையும் ஞாயிற்றுக்கிழமைத் தடையும் ஒரே வாக்கியத்தில் அரைப்புள்ளியால் பிரிந்திருந்தன. விடுதிக்காரர் தம் விருந்தினருக்குத் தரலாம் என்ற விலக்கு கடைசியில் வந்தது. 1900இல் நீதிமன்றம் அந்த விலக்கு அரைப்புள்ளியைத் தாண்டாது என்று தீர்த்ததால் விடுதிகளிலும் இரவுநேர விற்பனை நின்றது. 1906இல் சட்டத்தை மாற்றும்வரை அந்த நிலை நீடித்தது.

ஓர் உயிர் இப்படித் தொங்கியதும் உண்டு. அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியில் ஆதரவு திரட்டிய ரோஜர் கேஸ்மென்ட் மீது 1916இல் லண்டனில் தேசத்துரோக வழக்கு நடந்தது. 1351ஆம் ஆண்டுச் சட்டம் நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அரசனின் எதிரிகளை அவன் நாட்டுக்குள் சார்ந்து, நாட்டிலோ வேறிடத்திலோ அவர்களுக்கு உதவுவது குற்றம் என்பது அதன் சாரம். வேறிடத்திலோ என்பது உதவி என்ற உள்தொடரோடு நிற்குமா, முழுக் குற்றத்தையும் தழுவுமா என்பதே வாதம். நீதிபதிகள் இருவர் ஆவணக் காப்பகத்துக்கே போய்ச் சுருள்களைப் பார்த்தார்கள். தழுவும் என்று தீர்ந்தது. ஆகஸ்ட் 3 அன்று கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்புக்கு அரசியலும் காரணம். ஆனாலும் அந்த வாசகத்தில் தொடரின் எல்லையைச் சொல்லும் திட்டமான குறி ஒன்று இருந்திருந்தால் வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையைக் கண்ணுக்கு முன் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைச் சோதிக்கலாம். ஆங்கில மூலத்தில் அது ஒரே வாக்கியம். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற நான்கும் தனித்தனி வரிகளில் பெரிய எழுத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின் அரைப்புள்ளி. நீதிக்குள் சமுதாய, பொருளாதார, அரசியல் என்ற மூன்று பிரிவுகள் காற்புள்ளியோடு அடங்குகின்றன. இரண்டு நிலைக் குறிகளின் அழகான பிரயோகம் இது. கூர்ந்து பார்த்தால் இலக்கணப்படி நான்கும் சமமல்ல என்பது தெரியும். முதல் மூன்றும் குடிமக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டியவை. சகோதரத்துவம் அவர்களிடையே வளர்க்க வேண்டியது. வினை மாறுகிறது. ஆனால் வரியமைப்பும் அரைப்புள்ளியும் சேர்ந்து அதையும் மற்ற மூன்றுக்கு நிகராக உயர்த்திவிடுகின்றன. அது நல்ல முடிவு. ஒரே ஓர் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. சகோதரத்துவம் பற்றிய தொடர் முடிந்து, ஏற்கிறோம், இயற்றுகிறோம் என்ற முதன்மை வினைக்கு வாக்கியம் திரும்பும் இடத்திலும் அதே அரைப்புள்ளிதான் இருக்கிறது. உறுப்புகளைப் பிரிக்கும் குறியும் அடுக்கை முடித்துவைக்கும் குறியும் ஒன்றாகிவிட்டன. சிறைக் கடிதத்தின் நீள்கோடு செய்த வேலையை இங்கே காலி இடமும் பெரிய எழுத்தும் செய்ய வேண்டியிருக்கிறது.

அரசமைப்பின் 19ஆம் உறுப்பில் உரிமைகளின் பட்டியல் 'ஏ' முதல் 'ஜி' வரை எழுத்திட்டு, அரைப்புள்ளிகளோடு, கடைசிக்கு முந்தியதில் 'அண்ட்' சொல்லோடு அமைந்தது. 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமை பற்றிய 'எஃப்' உட்பிரிவை நீக்கியது. அந்த உட்பிரிவின் இறுதியில்தான் 'அண்ட்' இருந்தது. அது போனால் பட்டியல் கட்டவிழ்ந்துவிடும் என்பதால், 'ஈ' உட்பிரிவின் இறுதியில் 'அண்ட்' சேர்க்க வேண்டும் என்று திருத்தச் சட்டமே தனியாகச் சொல்கிறது. ஓர் இடைச்சொல்லுக்காக நாடாளுமன்றம் இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானங்கள் இந்த முறையின் உச்சம். பல பக்கம் நீண்டாலும் ஒரு தீர்மானம் ஒரே வாக்கியம். பொதுச்சபை என்பதே எழுவாய். நினைவுகூர்ந்து, கவலைகொண்டு என்ற முன்னுரைப் பத்திகள் காற்புள்ளியில் முடியும். கோருகிறது, முடிவு செய்கிறது என்ற செயற்பத்திகள் அரைப்புள்ளியில் முடியும். கடைசியில் மட்டும் முற்றுப்புள்ளி. எந்தப் பத்தி காரணம், எந்தப் பத்தி கட்டளை என்பதைக் குறியே சொல்லிவிடும்.

இவ்வளவு வேலை செய்யும் அரைப்புள்ளியை இன்றைய எழுத்து தள்ளிவைத்துக்கொண்டே வருகிறது. எழுத்தைத் திருத்தும் மென்பொருள்கள் நீண்ட வாக்கியத்தைக் கண்டதும் உடைக்கச் சொல்கின்றன. பதிப்பாசிரியர்கள் பலர் நெடிய அடுக்கை முற்றுப்புள்ளிகளால் துண்டாக்குகிறார்கள், அல்லது வரிக்கு வரி புள்ளியிட்ட பட்டியலாக்குகிறார்கள். செய்முறை விளக்கத்துக்கும் அலுவலகச் சுற்றறிக்கைக்கும் பட்டியல் பொருத்தமே. வாதத்துக்கு அது பொருந்தாது. பட்டியலில் உறுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கனக்காது. முற்றுப்புள்ளியால் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அழுத்தம் கிடைக்கும். ஆனால் இவை அத்தனையும் சேர்ந்துதான் அந்த முடிவுக்குக் காரணம் என்ற உறவு அறுந்துவிடும். நீண்ட வாக்கியம் என்பதற்காகவே ஒன்றை உடைப்பது தவறான சிகிச்சை. அடுக்கு நேராக நிற்கிறதா, குறிகள் தத்தம் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வெட்டலாமா என்று யோசிக்க வேண்டும்.

அரைப்புள்ளியும் அளவோடு வர வேண்டும். குட்டையான, உள்ளே காற்புள்ளி இல்லாத மூன்று தொடர்களுக்கு நடுவே அதைப் போட்டால் நடை விறைத்துப்போகும். இணையல்லாதவற்றுக்கு நடுவே, அதாவது முதன்மை வாக்கியத்துக்கும் அதைச் சார்ந்த ஒற்றைத் தொடருக்கும் நடுவே போட்டால் சார்ந்தது அறுந்து தொங்கும். பழைய விற்பனைப் பத்திரங்களின் ஆங்கிலத்திலும் உறுதிமொழிப் பத்திரங்களிலும் இந்த இரண்டு கோளாறுகளையும் சேர்ந்தே பார்க்கலாம். எதற்கு எது இணை என்று பார்க்காமல், நீளத்தை மட்டும் பார்த்துக் குறியிட்டதன் விளைவு அது.

ஆங்கிலம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களிடமும், மனுவும் அறிக்கையும் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நெடிய அடுக்கு ஒன்றை எழுத நேரும்போது உறுப்புகளை முதலில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதுங்கள். தலைச்சொல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 'தட்', 'டு', 'வென்' போன்ற சொல்லை மிச்சம் பிடிக்காமல் ஒவ்வோர் உறுப்பிலும் திரும்ப எழுதுங்கள். எந்த உறுப்புக்குள்ளாவது காற்புள்ளி இருந்தால் எல்லா எல்லைகளுக்கும் அரைப்புள்ளி வையுங்கள், கடைசி 'அண்ட்' முன்னும் சேர்த்து. கடைசி உறுப்பின் இறுதியில் ஒரு நிபந்தனை தொங்கினால், அது எல்லாவற்றுக்கும் உரியது என்றால் அடுக்கின் முன்னாலேயே கொண்டுபோய் வையுங்கள். அதன் பிறகு வரிகளைச் சேர்த்து எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.